லூர்துமேரி வீட்டு மணி

சைனிக்புரி,
12-6-1988

அன்புள்ள ருக்கு,

இதை நீ பிரிக்காமலே வைத்துவிடக்கூடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தீபாவளிக்கு எழுதியதற்கும் பதில் இல்லை, பொங்கலுக்கு எழுதியதற்கும் இல்லை. ஒரே ஊரில் இருக்கும் தங்கைக்குத் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. இருக்கட்டும்.

நேற்று மெட்டுகுடா மார்க்கெட்டில் உன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லூர்துமேரி அக்காவைப் பார்த்தேன். மாப்பிள்ளை இனி வேலைக்கு வர முடியாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டதால், அவருக்குப் பதிலாக உனக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் குமாஸ்தா வேலை தரப்போகிறார்களாமே? நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாயாம். "கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாத மனுஷன். அவரைத் தனியா விட்டுட்டு எப்படிப்பா போவா? அவர் கூப்பிட்டா எங்க வீடு வரைக்கும் குரல்கூட வராது" என்றார் அக்கா.

ராத்திரி முழுக்க அதே யோசனை. எங்கள் ஆபீசில் இப்போது மைக்ரோகண்ட்ரோலர் என்ற சில்லை வைத்துத்தான் எனக்கு வேலை. நாற்பது கால் உள்ள கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும். நாம் அதற்குள் என்ன எழுதி வைக்கிறோமோ அதைச் செய்யும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாக ஒவ்வொரு எழுத்தாக அதற்கு அனுப்பலாம். F வந்தால் ஃபேனைப் போடு, L வந்தால் லைட்டைப் போடு, B வந்தால் பக்கத்து வீட்டில் மணியை அடி என்று சொல்லி வைக்கலாம். மாப்பிள்ளைக்குத் தலை அசைகிறது. பல்லில் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரின் விசையைத் தட்டினால் போதும். ஆபீசில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்டு எழுது.

அண்ணன்,
ஜகதீசன்

லாலாகுடா,
20-6-1988

அண்ணாவுக்கு,

பிரித்தேன். படித்தேன். அவருக்கும் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் நான் எதுவும் செய்வதில்லை.

"கைக்கு? எதுக்கு? இத்தனை நாள் கழிச்சு உங்கண்ணனுக்கு எதுக்கு என் ஞாபகம்?" என்று கேட்டார். அவர் பேச்சில் இந்த ஊர் உருது கலந்துவிடும், தெரியுமே.

மழையில் சைக்கிள் சறுக்கி விழுந்த மனுஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலாம் நாள், வராந்தாவில் நின்று என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "உனக்கு இன்னும் வயசிருக்கு. அவரை ஆம்பூர்ல அவங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு நீ எங்கூட வந்துடு." அவர் கட்டில் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அவருக்குக் கைகால்தான் போயிருந்தது, காது போகவில்லை. அன்றைக்கு அவர் இட்ட கட்டளைதான்: அந்த ஆள் என் வீட்டு வாசல் ஏறக் கூடாது. இந்த ஒன்றே கால் வருஷத்தில் அவர் அதை மாற்றவில்லை, மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் திடீரென்று, "அது ஃபேன் போடுமா?" என்றார்.

உங்களுக்குப் புரியாது, அதனால் சொல்கிறேன். நான் அப்போதுதான் உட்கார்ந்திருந்தால் என்னைக் கூப்பிடமாட்டார். வியர்த்து வழியும், வாயைத் திறக்கமாட்டார். நெற்றியைப் பார்த்துத்தான் நான் ஃபேனைப் போடுகிறேன்.

ஒரு சாதாரண ஸ்விட்ச் போதாதா, இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் எதற்கு என்று எழுதுங்கள். அனுப்புவதானால் வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

ருக்மிணி

சைனிக்புரி,
29-6-1988

அன்புள்ள ருக்கு,

என் செக்‌ஷனில் வேலை செய்யும் கிட்டு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஆட்டோவில் கொண்டுவருவான். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான்.

ஸ்விட்ச் போதாதா என்று கேட்டிருந்தாய். ஒரு ஸ்விட்ச் ஒரு வேலைதான் செய்யும். அவர் வாய்க்கெதிரே ஏழெட்டு ஸ்விட்ச் தொங்கவிட முடியாது. கம்ப்யூட்டர் என்றால் விசைப்பலகை ஒன்றுதான், எழுத்துக்கு ஒரு வேலை கொடுக்கலாம். நாளைக்கு ரேடியோ வேண்டும் என்றால் சில்லுக்கு இன்னொரு எழுத்தைக் கற்றுக்கொடுத்தால் முடிந்தது. கம்ப்யூட்டர் கட்டில் பக்கம் இருக்கும். சில்லு வைத்த பலகை சுவரில் மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஒயர்தான் உயிர். அதை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். F, L தவிர வேறு எந்த எழுத்து வந்தாலும் மணி அடிக்கும். அவசரத்தில் குச்சி தவறிப் பக்கத்து விசையில் பட்டாலும் லூர்துமேரி அக்கா ஓடி வந்துவிட வேண்டும் அல்லவா? யோசித்துத்தான் செய்தேன்.

வராந்தாவில் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். மறக்கவில்லை. நீ என் தங்கை. அந்த நிமிஷத்தில் எனக்கு நீ மட்டும்தான் கண்ணில் பட்டாய்.

ஜகதீசன்

லாலாகுடா,
18-7-1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கிட்டு எல்லாம் மாட்டிவிட்டு, "தட்டுங்க சார்" என்றான். அவர் குச்சியைக் கடித்து, குறி பார்த்து, F-ஐத் தட்டினார். ஃபேன் சுற்றியது. மறுபடி தட்டினார், நின்றது. போட்டார், நிறுத்தினார், போட்டார், நிறுத்தினார். "ஃபேன் கெட்டுப்போயிடும்" என்றேன். "நக்கோ, நீ சும்மா இரு" என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது மற்றது. மணி தானாக அடிக்கிறது.

அவர் குச்சியைத் தொடவே இல்லை, லூர்துமேரி அக்கா வீட்டில் மணி அடிக்கிறது. ஈரக் கையோடு ஓடி வருகிறார். இவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தவர் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் போன வாரம் ஒருநாள் மணி அடித்தபோது அவர் வரவில்லை. சாயங்காலம் நான் கேட்டதற்கு, "சும்மா அடிக்குதுன்னு நெனச்சேன் ருக்கு" என்றார்.

அன்றைக்கும் அது சும்மாதான் அடித்தது. ஆனால் அக்கா வரவில்லை, அண்ணா. இனி எதை நம்பி நான் வெளியே போவேன்? வேலைக்கான ஆர்டர் எந்த நாளும் வரலாம்.

ருக்கு

சைனிக்புரி,
22-7-1988

அன்புள்ள ருக்கு,

பலகையை ஆபீசில் நாள் கணக்கில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் அனுப்பினேன். இங்கே ஒருமுறைகூடத் தப்பாக அடிக்கவில்லை.

கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளையே அடிக்கிறாரோ? வேண்டுமென்று சொல்லவில்லை. நீ வேலைக்குப் போவதில் அவருக்கு மனசு இல்லாமல் இருக்கலாம். மனுஷன் படுத்தே கிடக்கிறார்.

எப்படியிருந்தாலும் வேறு சில்லு ஒன்று கிட்டுவிடம் அனுப்புகிறேன். இதில் B என்ற எழுத்து வந்தால் மட்டுமே மணி அடிக்கும். வேறு எது வந்தாலும் மணி பேசாமல் இருக்கும்.

ஜகதீசன்

லாலாகுடா,
9-8-1988

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வழக்கம்போல அவருக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் கோபத்தைக் காட்ட முடிந்தது அவ்வளவுதான்.

கிட்டு புதுச் சில்லை மாட்டினான். தப்பு மணி நின்றது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடைக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்து பார்த்தால் தலையணை நழுவி, தலை கட்டில் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கண் சிவந்து, எச்சில் ஒழுகி, மூச்சு கர்கர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. குச்சி மட்டும் பல்லில் இருந்தது. திரையைப் பார்த்தேன். வரி வரியாக V, V, V, V. தலை சாய்ந்துவிட்டதால் குச்சி B-க்குப் பக்கத்து விசையைத்தான் எட்டியிருக்கிறது. எத்தனை முறை தட்டியிருக்கிறார், பாருங்கள். உங்கள் சில்லு பேசாமல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் லூர்துமேரி அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம்.

அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். "உங்கண்ணனுக்கு எழுது. நான் மணி அடிக்கலைன்னு எழுது" என்றார்.

வேலை ஆர்டர் வந்துவிட்டது. செப்டம்பர் ஐந்தாம் தேதி சேர வேண்டும். நான் போகப்போவதில்லை. கிட்டுவை அனுப்பி எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபேனை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ருக்மிணி

சைனிக்புரி,
12-8-1988

ருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி சாந்தாதான் முதலில் படித்தாள். என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டது பெரிய தப்பு. அவரிடம் இதைப் படித்துக் காட்டு.

இங்கே உட்கார்ந்துகொண்டு, நான் பார்க்காத வீட்டுக்கு, பார்க்காத கட்டிலுக்கு யந்திரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். ஒயர் எந்த வழியாகப் போகிறது, அவர் தலை எவ்வளவு தூரம் திரும்புகிறது, பக்கத்தில் என்ன ஓடுகிறது, எதுவும் எனக்குத் தெரியாது. எதையும் கழற்ற வேண்டாம். ஒரே ஒரு நாள் என்னை அந்த அறையில் இருக்க விடு. சொந்தக்காரனாக வரவில்லை. மெக்கானிக்காக வருகிறேன்.

ஜகதீசன்

லாலாகுடா,
20-8-1988

அண்ணாவுக்கு,

படித்துக் காட்டினேன். முதலில் "நக்கோ, வர வேணாம்" என்றார். மறுநாளும் நக்கோதான். மூன்றாம் நாள் வேலை ஆர்டரை எடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "வரச் சொல்லு. நீ வேலையில சேர்ற அன்னிக்கு வரட்டும். அன்னிக்கு முழுக்க இருக்கட்டும். அது சரியாயிட்டா நீ மறுநாளும் போ" என்றார்.

"நான் இல்லாதபோதா?" என்று கேட்டேன்.

"ஹவ், ஆமா. நீ இல்லாதப்பத்தான்."

ஏனென்று சொல்லமாட்டேன் என்கிறார். அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். மத்தியானத்துக்கு லூர்துமேரி அக்கா வருவார். இவரிடம் வாதம் செய்யாதீர்கள் அண்ணா. ஒரு நாள்.

ருக்கு

சைனிக்புரி,
5-9-1988

அன்புள்ள ருக்கு,

நீ வருவதற்குள் கிளம்பி வந்துவிட்டேன். ஏன் நிற்கவில்லை என்று கோபமாக இருப்பாய். படித்தால் தெரியும்.

நான் வந்தபோது லூர்துமேரி அக்கா இருந்தார். "தம்பி இருக்கீங்கல்ல, நான் தார்நாகா வரைக்கும் போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "வா. வேலையைப் பாரு" என்றார். அவ்வளவுதான். நானும் வேலையைப் பார்த்தேன்.

தப்பு மணிக்குக் காரணம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. உங்கள் சுவருக்குப் பின்னால் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இருக்கிறதே, அதை யாரோ போட்டார்கள். உடனே திரையில் குப்பை எழுத்துகள் ஓடின. மோட்டாருக்குப் போகும் லைனை ஒட்டியே கிட்டு நம் ஒயரையும் இழுத்துக் கட்டியிருக்கிறான். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ஒயரில் ஒரு உதறல். சில்லுக்கு அது ஏதோ ஒரு எழுத்து வந்த மாதிரி இருந்திருக்கிறது. எந்த எழுத்து வந்தாலும் மணி அடி என்று சொல்லி வைத்த புத்திசாலி நான்தானே.

ஒயரைப் பிரித்து ஜன்னல் பக்கமாக மாற்றினேன். பிறகு புதுச் சில்லை மாட்டுவதற்காகப் பழையதைப் பிடுங்கினேன். அது என் கையில் இருக்கும்போது, "மச்சான்" என்று ஒரு குரல். விபத்துக்கு அப்புறம் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. வியர்வை கொட்டியது.

"தலை பொளக்குது. கீழ மூத்திர ட்யூப் எங்கியோ மடங்கிக்கிச்சு, அது அடைச்சா ரத்தம் தலைக்கேறிடும். சட்டுனு பாரு."

மணி அடிக்கலாம் என்று ஒரு கணம் பலகையைப் பார்த்தேன். சில்லு என் கையில். அக்கா தார்நாகாவில். அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

போர்வையை விலக்கினேன். அவர் கால்களை இப்போதுதான் பார்க்கிறேன் ருக்கு. கல்யாணத்தன்று மேடையில் துள்ளி ஏறிய கால்கள். சிறுநீர்க் குழாய் முழங்காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. குழாயைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதப்பா! காலைத் தூக்கு, காலை! ஹவ், அப்படித்தான். இப்ப என்னை நிமித்தி உட்கார வை. அக்குள்ல கை குடு. பயப்படாத, உடைஞ்சிட மாட்டேன்."

தூக்கி உட்கார வைத்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். குழாயில் ஓட்டம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முகச் சிவப்பு இறங்கியது. பையைக் காலி செய்யப்போனேன். அதன் மூடியை எப்படித் திறப்பது என்று தெரியாமல் திறந்து, எல்லாம் என் சட்டைமேலும் தரையிலும் கொட்டியது.

அவர் சிரித்தார். "புதுச் சட்டையா?"

"சாந்தா எடுத்துக் குடுத்தது."

"போச்சு, போ."

தரையைத் துடைத்துவிட்டு அவர் முகத்தையும் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். "அன்னிக்கு வராந்தாவுல நீ சொன்னியே."

"விடுங்க மாப்பிள்ளை."

"விடறதுக்கு இல்ல. அதையேதான் நானும் அவகிட்ட சொல்லணும்னு நாலு நாளா படுத்துக்கிடந்தேன். என்னை எங்கண்ணன் வீட்டுல விட்டுட்டுப் போயிடும்மான்னு. வாய் வரல. அதுக்குள்ள நீ சொல்லிட்ட. அவ முடியாதுன்னுட்டா. அப்ப எனக்கு உயிர் வந்துச்சு மச்சான். அவளைப் போகச் சொல்லணும்னு நெனச்ச வாய், அவ போகலைன்னதும் சந்தோஷப்பட்டுடுச்சு. அந்த வெட்கத்துக்கு உன்னைத் திட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

புதுச் சில்லை எடுத்து மாட்டினேன்.

இது எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கும் வேறு புரோகிராம் எழுதியிருக்கிறேன். F, L தவிர அவர் எந்த விசையைத் தட்டினாலும் அவசரம் என்று அது எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒயரில் ஒற்றை எழுத்து போகாது, ஒரு முழு வார்த்தை போகும். சில்லு அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். கம்ப்யூட்டர் சரி என்றால்தான் மணி அடிக்கும். மோட்டார் எவ்வளவு உதறினாலும் ஒரு வார்த்தையை உச்சரிக்க முடியாது. சில்லுக்குத் தனியாக ஒரு ஸ்கூட்டர் பேட்டரியும் வைத்திருக்கிறேன். கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டால் சில்லு தானே மணியை அடித்துவிடும். மத்தியானம் மோட்டார் இரண்டு தடவை ஓடியது. மணி அடிக்கவில்லை. பிறகு மாப்பிள்ளை தலையைச் சாய்த்து, வேண்டுமென்றே V-ஐத் தட்டினார். அப்போதுதான் திரும்பி வந்திருந்த லூர்துமேரி அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

நாற்றச் சட்டையோடு உன் எதிரில் நிற்க வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். பொய். அழுதிருப்பேன், அதனால்தான்.

அவர் என்னிடம் சொன்னதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதினேன்.

அண்ணன்,
ஜகதீசன்

லாலாகுடா,
24-9-1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாயிற்று. வேலை புதிது என்பது ஒரு காரணம். உங்கள் இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்தேன் என்பது இன்னொன்று.

நீங்கள் வராந்தாவில் நின்று என்னை அனுப்பப் பார்த்தீர்கள். அவர் திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு என்னை அனுப்பப் பார்த்தார். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு இதையேதான் கேட்டேன். "கேட்டா நீ ஏதாவது சொல்லிடுவியோன்னு பயம்" என்றார். நான் தியாகி இல்லை அண்ணா. சில நாள் காலையில் எழுந்ததுமே அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் நடந்ததை எல்லாம் எனக்கு அவரிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. வேறு எங்கே போய் இருப்பேன்?

இப்போது சொல்வதற்கு நிறைய இருக்கிறது. எனக்கு ஜன்னல் ஓரத்தில் மேஜை. பக்கத்து மேஜைக்காரி தெலுங்கில் பேசுகிறாள், நான் பாதி தமிழில் பதில் சொல்கிறேன், வேலை நடக்கிறது. முதல் வாரம் யார் வேகமாக நடந்து வந்தாலும் எனக்குச் சேதி கொண்டுவருகிறார்களோ என்று எழுந்துவிடுவேன். இப்போது எழுவதில்லை.

முந்தாநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் லூர்துமேரி அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறார். "உன் புருஷனை என்னன்னு கேளு ருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மத்தியானம் மணி அடித்ததாம். அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாராம். "உசிரு போற மாதிரி ஓடியாறேன், இந்த மனுஷன் வாயில குச்சியை வெச்சிக்கிட்டுச் சிரிக்கிறாரு. 'அக்கா, மழை வருது. கொடியில உங்க துணி'ங்கறாரு!"

கட்டிலிலிருந்து பார்த்தால் அக்காவின் கொடி தெரியும். கொடிக்கு மேலே மேகம் கூடியதைப் பார்த்திருக்கிறார். ஒரு துணிகூட நனையவில்லையாம். அக்கா திட்டிக்கொண்டே அவருக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நான் சத்தம் போட்டேன். விளையாட்டுக்கு அடித்தால் நாளைக்கு நிஜமாக அடிக்கும்போது யார் வருவார்கள் என்று கேட்டேன். "அதையும் யோசிச்சேன். மச்சானுக்கு எழுது" என்றார். எழுதுகிறேன். மழைக்கென்று தனியாக ஒரு எழுத்து வேண்டுமாம். நீளமாக அடித்தால் உயிர், விட்டுவிட்டு இரண்டு தடவை அடித்தால் மழை. அப்போது அக்கா நடந்தே வரலாம் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்து அதைச் செய்து கொடுங்கள். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

உங்கள்,
ருக்கு